பிரிண்டருக்கு மட்டும் ஒரு நிலையான எண்

ரூட்டரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதற்குள் எதையாவது செருகிக் கொஞ்ச நேரம் அழுத்தினால், ரூட்டர் அதுவரை கற்றதையெல்லாம் மறந்து பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரருக்கு இது தெரியாது. தலை சுற்றியவன் முகத்தில் தண்ணீர் தெளிப்பதுபோல் அது ஒரு தெளிவு பிறக்கும் பொத்தான் என்று அவர் நினைத்திருந்தார். கடைப் பிரிண்டர் ஒரு வாரமாகவே ஒரு நாள் வேலை செய்வதும் மறுநாள் முறைத்துக்கொள்வதுமாக இருந்தது. அன்று காலை முழுக்க முறைத்ததால், மூக்குக்கண்ணாடித் திருகு முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். செருகினார். அழுத்தினார். விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தன.

அதே நேரம் மாடியில் அக்கா தன் மகனோடு டேப்லெட்டில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு கீழே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக்காரர் ஒட்டுக்கேட்கவில்லை, காது தானாகவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, ஆறு மாசமா கேக்கறேன். இங்க என்கூட இருக்க வர்றியா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லு."

"சரி, கேட்டுக்கோ. ஒரே வார்த்தைலயே சொல்றேன். நான்..."

அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஹலோ? டேய்? வாயைத் திறந்தபடியே நின்னுட்டானே!" என்றாள்.

கண்ணாடிக்காரர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொலைக்கருவியை ஒளிக்கும்போது மனிதனுக்குக் கை ஏன் இவ்வளவு நிதானமாகிவிடுகிறது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த வீட்டில் கீழே கடை, மேலே குடித்தனம். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் கண்ணாடிக்காரர் தனிக்கட்டையாகத் தூங்குவார், சாப்பாட்டுக்கு மாடி ஏறுவார். கல்யாணப் பேச்சு அவருக்கும் ஒருமுறை வந்தது. பெண்ணின் முகத்தை நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். நன்றாகப் பார்த்துவிட்டு, "இடது கண்ணுக்குப் பவர் கொஞ்சம் கூட்டணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. அன்று அவருக்குப் 'பவர்' என்று பேர் வைத்தது அத்தான்தான். அக்காவின் வீட்டுக்காரர்.

அத்தான் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். எந்தச் சாமானுக்கும் ஓர் இடம், அந்த இடத்துக்கு ஓர் எண் என்பது அவர் கொள்கை. வீட்டிலும் சுவரில் ஒரு பலகையை அடித்து, சுத்தியல், குறடு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அதில் மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். எடுத்தவன் திருப்பி மாட்டாவிட்டால் சுவரில் அந்தச் சாமானின் வெறும் உருவம் மட்டும் நிற்கும். பெரும்பாலும் கத்தரிக்கோலின் உருவம். பெரும்பாலும் எடுத்தவர் கண்ணாடிக்காரர்.

வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது அத்தான் சும்மா இருப்பாரா? ரூட்டர் தன்பாட்டுக்கு ஒவ்வொரு சாமானுக்கும் அன்றன்றைக்குத் தோன்றிய எண்ணைக் கொடுக்கும் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. "இன்னிக்கு ஒரு நம்பர், நாளைக்கு ஒரு நம்பரா? இது வீடா, சத்திரமா?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீட்டிலுள்ள சாமான்கள் எல்லாவற்றுக்கும் கையாலேயே நிலையான எண் போட்டார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா சொன்னதற்கு, "எதுக்கு? எல்லாம் என் தலைல இருக்கு" என்றார். போன வருஷம் மார்வலி வந்து ஒரே பகலில் போய்ச் சேர்ந்தபோது தலையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே கண்ணாடிக்காரர் அன்று அழித்தது வெறும் நெட்டை அல்ல என்று அவருக்கே தோன்றியது. அக்கா இந்த வீட்டில் தங்குவதற்கு அத்தான் விட்டுப்போன காரணங்களில் ஒன்றைத் தன் கையாலேயே அழித்துவிட்டோமோ என்று பயந்தார்.

அக்கா படியிறங்கி வந்தாள். கையில் டேப்லெட்.

"நெட்டை என்னடா பண்ணின?"

"லேசா தொட்டேன்க்கா."

"நீ லேசா தொட்டுத்தான் அந்தக் குக்கரோட மூடி இன்னிக்கு வரைக்கும் திறக்க மாட்டேங்குது. பையில என்ன?"

"பேனா."

"பேனாவுக்குச் சிவப்புக் கைப்பிடியா?"

கண்ணாடிக்காரர் பேச்சை மாற்றும் கலையில் தேர்ந்தவர் என்று தன்னைப்பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். "என்னமோ சொல்ல வந்தியே அவன்கிட்ட. பாதியில நின்னுடுச்சோ?" என்றார்.

"ஆமா."

"என்ன சொல்ல வந்த?"

"நெட்டு வரட்டும். அவன்கிட்டதான் முதல்ல சொல்லணும்."

"போன்ல கூப்பிட்டுச் சொல்லேன்."

"இதெல்லாம் மூஞ்சியப் பார்த்துச் சொல்ற விஷயம்டா."

அக்காவின் போன் பட்டன் போன். அதில் முகம் தெரியாது. கண்ணாடிக்காரரின் போனில் தெரியும். ஆனால் அதன் திரையில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். ஊர்க் கண்ணையெல்லாம் தெளிவாக்குகிறவர் இரண்டு வருஷமாக அந்த விரிசல் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல வேண்டாம். என் புள்ள மூஞ்சி ரெண்டா தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்கா மேலே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த விரிசல் போனிலேயே மகன் கூப்பிட்டான். அவன் தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பின்னணியில் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் எப்போதும் இருக்கும்.

"மாமா, அம்மா என்ன சொன்னாங்க?"

"உங்கிட்டதானே சொன்னாங்க."

"'நான்'னு சொன்னாங்க மாமா. அத்தோட படம் நின்னுடுச்சு. 'நான்'க்கு அப்புறம் என்ன?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் கீழே வேலையா இருந்தேன்."

"என்ன வேலை?"

"ரூட்டர் வேலை."

"மாமா, நீங்களா?"

"பிரிண்டருக்காகத்தான்டா..."

"ஆறு மாசம் கெஞ்சி இன்னிக்குத்தான் வாயைத் திறந்தாங்க. சீக்கிரம் சரி பண்ணுங்க மாமா. இங்க பால்கனில உக்காந்தா கடல் தெரியும்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒரு ரூம் ரெடியா இருக்கு."

"பண்றேன், பண்றேன்" என்றார் கண்ணாடிக்காரர். நெட் வந்தால் பதில் வரும். பதில் எப்படியிருக்கும் என்று தெரியாதவரை அக்கா மாடியில்தான் இருக்கிறாள். இந்தக் கணக்கு அவருக்கு அப்போதே லேசாகப் பிடித்துப்போயிற்று.

மத்தியானம் இணைப்புக் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். கை இரண்டும் வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் படியின் மேல் வைத்தார். ஒரு பெண் பேசினாள். அவள் சொல்லச்சொல்ல இவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். ரூட்டருக்கு உயிர் வந்தது. விரிசல் போனில் நெட்டும் வந்தது. ஆனால் பிரிண்டர், கடைக் கம்ப்யூட்டர், வாசல் கேமரா, அக்காவின் டேப்லெட் எதுவும் அசையவில்லை.

"சார், உங்க வீட்ல யாரோ எல்லாத்துக்கும் கையால ஐ.பி. நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. ரூட்டர் இப்ப பழசையெல்லாம் மறந்துடுச்சு. தெருப் பேரையே மாத்திட்ட மாதிரி. அந்தச் சாமானெல்லாம் இன்னும் பழைய தெருவுல நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கு."

"பாவம்" என்றார் கண்ணாடிக்காரர், உண்மையாகவே.

"ரெண்டு வழி இருக்கு சார். ரூட்டருக்கு மட்டும் பழைய நம்பரைத் திருப்பிப் போட்டா எல்லாம் தானா எழுந்துக்கும். அஞ்சு நிமிஷ வேலை. அது ஃபிக்ஸட். இல்லன்னா ஒவ்வொரு சாமானுக்குள்ளயும் போய் 'ஆட்டோமேட்டிக்'னு மாத்தணும். அப்புறம் ரூட்டரே அப்பப்ப நம்பர் குடுத்துக்கும். அது டைனமிக்."

"எதும்மா நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான் சார். உங்க தேவையைப் பொறுத்தது."

"என் தேவை என்னன்னு தெரிஞ்சா உனக்கு ஏம்மா போன் பண்றேன்?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

இதைக் கேட்டு அவர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை, 'ரெண்டும் நல்லதுதான்' என்ற பதிலைத் தின்றுதான் அவர் பிழைப்பு நடக்கிறது. முப்பது வருஷமாக இருட்டு அறையில் ஆட்களை உட்காரவைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுவருகிறார். எவரும் நேராகச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வந்த பஸ் டிரைவரும் அப்படித்தான்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"ஒண்ணா இருக்க முடியாதுங்க. நல்லா பாருங்க. இது... அது."

"முதல்ல போட்டது கொஞ்சம் பரவால்ல. ஆனா ரெண்டாவதும் தப்பு சொல்ல முடியாது."

"பஸ்ஸு எதுல ஓட்டுவீங்க? முதல்ல போட்டதுலயா, ரெண்டாவதுலயா?"

"நீங்களே பார்த்து ஒண்ணு போட்டுக் குடுங்க. நீங்க படிச்சவங்க."

பிரிண்டர் வேலை செய்யாததால் பவர் விவரத்தைக் கையால் எழுதிக் கொடுத்தார். டிரைவர் சீட்டை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி போட்டாத்தான் இதைப் படிக்க முடியும்போல" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

ரூட்டருக்குப் பழைய எண்ணைத் திருப்பிப் போடும் அஞ்சு நிமிஷ வேலையைக் கண்ணாடிக்காரர் செய்யவில்லை. மறுநாள் காலையில் ஒவ்வொரு சாமானாகப் போய் மாற்றுகிற நெடுவழியைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் எதிர்காலத்துக்கு நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாடி டேப்லெட்டை வரிசையில் கடைசியாக வைத்ததற்கு மட்டும் அவரிடம் சமாதானம் எதுவும் தயாராக இல்லை.

பிரிண்டரில் ஆரம்பித்தார். அதன் நெற்றியிலிருந்த சின்னத் திரையில் எண் தெரிந்தது. கடைசிப் பகுதி பத்து. பக்கத்திலேயே மேசைமேல் போன வாரம் வந்த கார்டு மெஷின். ஒரு சந்தேகத்தில் அதையும் திறந்து பார்த்தார். அதுவும் பத்து.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மெஷினைப் பொருத்த வந்த ஆள், "நிலையான நம்பர் வேணுமா சார்?" என்று கேட்டான். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "நம்ம வீட்ல எல்லாமே நிலையானதுதான்" என்றார். "அப்ப ஒரு நம்பர் சொல்லுங்க" என்றான். பத்து நல்ல நம்பராயிற்றே என்று பத்தைச் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு சாமான்களும் ஒரே எண்ணுக்காகக் குடுமிப்பிடியில் இருந்திருக்கின்றன. முந்தி விழித்தது ஜெயித்திருக்கிறது. நோயும் இவர் கொடுத்தது, மருந்தும் இவர் கொடுத்தது. நடுவில் செத்தது ரூட்டர். கடையில் யாரும் இல்லாததால் வாய்விட்டே சிரித்தார். சிரிப்பு பாதியில், இதைச் சொன்னால் அத்தான் எப்படிச் சிரித்திருப்பார் என்ற நினைப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அத்தானுக்குச் சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும்.

கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தார். எண் மூன்று. வாசல் கேமரா இருபத்தொன்று. டி.வி. நாற்பது. அப்போதுதான் அவருக்கு விஷயம் மெதுவாக உறைத்தது: ரூட்டர் மறந்ததே தவிர, அத்தானின் தலையில் இருந்ததெல்லாம் ஒவ்வொரு சாமானுக்குள்ளும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. திறந்து பார்த்தால் போதும்.

வேலை அதற்கப்புறம் வேலையாக இல்லை. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, அதை மாற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தார். கேமராவுக்கு ஒயர் இழுத்த நாள் ஞாபகம் வந்தது. சுவரில் துளை போடும் பொறுப்பை அத்தான் இவரிடம் கொடுத்திருந்தார். இவர் அளந்து, அளந்ததைச் சரிபார்த்து, துளைத்தார். துளை நேராக அக்காவின் துணி அலமாரிக்குள் போய்த் திறந்தது. உள்ளே மாட்டியிருந்த பச்சைப் புடவையில் வட்டமாக ஓர் ஓட்டை. அத்தான் அலமாரிக் கதவைத் திறந்து, ஓட்டை வழியாக மறுபக்கம் நின்ற இவர் கண்ணைப் பார்த்து, "என்ன மச்சான், இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். தோள் குலுங்கிக் குலுங்கி அவரால் அலமாரிக் கதவைப் பிடிக்காமல் நிற்கவே முடியவில்லை. அக்கா அந்தப் புடவையை இரண்டு நாள் ஜன்னலில் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள், கோபத்துக்கு.

சாப்பாட்டு மேசையில் அத்தான் எண்களை ஒதுக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஞாபகம் வந்தது. "கிடங்குல ஒரு சட்டம் உண்டு மச்சான். தினம் தேடுற மருந்து வாசல்கிட்ட, கைக்கு எட்டுற தட்டுல இருக்கணும். வருஷத்துக்கு ஒருதரம் தேடுறது உள்ளே, மேல்தட்டுல. நம்பரும் அப்படித்தான். வாசல் ரூட்டர். அது ஒண்ணு. ரெண்டுலேர்ந்து நாம ஆரம்பிப்போம்."

அன்று எது எதற்கு எந்த எண் என்று இவர் கவனிக்கவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இப்போது கவனித்தார். ரூட்டரிலிருந்து எண்ணினால் மூன்றாவது தட்டில் தன் கடை. மாடிக்குப் போய் மகனின் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டித் திறந்தார். நாலு. அவன் ஊரைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகியும் நாலாவது தட்டை அத்தான் வேறெதற்கும் கொடுக்கவில்லை.

அத்தானுடைய கம்ப்யூட்டர் ஜன்னலோர மேசையில் துணி போர்த்தி இருந்தது. துணியை விலக்கி, இயக்கி, எண்ணைத் தேடினார். தொண்ணூறு.

தன்னை அவர் கிடங்கின் கடைசி மேல்தட்டில் வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருதரம் யாராவது தேடினால் போதும் என்று. கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். வில்லையில் அழுக்கு எதுவும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றாமல் அணைத்து, துணியைப் போர்த்தினார்.

திரும்பினால் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"எல்லாம் ஆச்சா?"

"ஆச்சு. உன் டேப்லெட்டுதான் பாக்கி."

"அது ஏன் கடைசி?"

"வரிசைப்படி வர்றேன்க்கா."

"என்ன வரிசை? ரூட்டர்லேர்ந்து எண்ணினா என்னோடதுதானே முதல்ல வரணும்? எனக்கு ரெண்டாம் நம்பர்னு உங்க அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரே." அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இன்னொண்ணும் கேக்கறேன். அந்தப் பொண்ணு நேத்து ஸ்பீக்கர்ல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னா. நீ ரெண்டு நாளா இழுக்கற."

கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்தார். இந்த மாதிரி நேரத்தில் அவருக்குத் தொழில்நுட்பம் பேச வரும்.

"அப்படி இல்லக்கா. அத்தான் மாதிரி எல்லாத்துக்கும் ஃபிக்ஸடா போட்டா, புதுசா ஒண்ணு வரும்போது மோதிக்கும். இப்ப மோதினது அதான்."

"மோதினது எதனால?"

"என்னாலதான். பத்து நல்ல நம்பர்னு நினைச்சேன். அதை விடு. அதுக்காக எல்லாத்தையும் டைனமிக்கா விட்டுடலாம்னா அதுவும் சரி வராது. பிரிண்டரை எல்லாரும் தேடிப் போகணும். கடைக் கம்ப்யூட்டர் தேடும், உன் டேப்லெட் தேடும். அது தினம் நம்பரை மாத்திக்கிட்டு இருந்தா எங்க போய்த் தேடுறது? போனை யாரும் தேட மாட்டாங்க. அது தன் வேலைக்கு வெளிய போயிட்டு வரும், அவ்வளவுதான். அதுக்கு எந்த நம்பர் இருந்தா என்ன?"

"ஆக மத்தவங்க தேடி வர்ற சாமானுக்குத்தான் நிலையா ஒண்ணு வேணும்."

"ஆமா. அதை ரூட்டர்லயே ஒதுக்கி வெச்சுட்டா வேற எதுவும் அதை எடுத்துக்காது. பிரிண்டருக்குப் பத்தை ஒதுக்கிட்டேன்." அவர் டேப்லெட்டைக் கையில் எடுத்தார். திரையில் இல்லாத தூசியைச் சட்டையால் துடைத்தார். "உன்னோடதுக்கு என்ன பண்ணட்டும்? ரெண்டையே ஒதுக்கிடவா? ஃபிக்ஸடா இருக்கட்டுமா?"

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், கேலி இல்லாத சிரிப்பு.

"ரெண்டாம் நம்பர். கைக்கு எட்டுற தட்டு. உங்க அத்தான் அதை எனக்குக் குடுத்தப்ப நீங்க எல்லாரும் பெருமைன்னு நினைச்சீங்க. நானும்தான். அப்புறம் பார்த்தா, கத்தரிக்கோல் எங்கன்னு என்னைக் கேப்பாரு. சீப்பு எங்கன்னு புள்ள கேப்பான். நீ கடையில உக்காந்துக்கிட்டு, 'அக்கா, என் கண்ணாடி எங்க'ன்னு கத்துவ. கண்ணாடிக்கடை வெச்சிருக்கிறவன்!"

"அது ஒருதரம்தான்."

"போன வாரம் ஒருதரம். அதுக்கு முன்னாடி வாரம் ஒருதரம். நெத்தியில இருந்துச்சு." அவள் துணி போர்த்திய கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிறதும் ஒரு வேலைதான்டா. முப்பத்தஞ்சு வருஷம் பார்த்துட்டேன். வேண்டாம்னு பார்க்கல, ஆசையாத்தான் பார்த்தேன். அவர் இருந்தவரைக்கும் அலுக்கவும் இல்ல. இவரோட கம்ப்யூட்டரை மாத்தாம விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"என்ன நம்பர்?"

"தொண்ணூறு."

"கிறுக்கு மனுஷன்" என்றாள். முந்தானை இன்னும் கையில்தான் இருந்தது. கண்ணுக்குப் போய்விட்டு வந்தது. "அது இருந்துட்டுப் போகட்டும். என்னோடதை ஆட்டோமேட்டிக்ல போடு."

கண்ணாடிக்காரர் டேப்லெட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். இரண்டு என்று இருந்தது. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தார். சுற்றி வளைத்துக் கேட்பதற்கு இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் நேராகப் பதில் சொல்வதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டவர் அவர். ஆறு மாதமாக இந்த ஒரு கேள்வியைத் தான் ஒருதரம்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை என்பது அந்த நாற்காலியில்தான் அவருக்குத் தட்டுப்பட்டது. கேட்டால் பதில் வந்துவிடுமே!

அழுத்தினார். இரண்டு போய், அந்த இடத்தில் ரூட்டர் தனக்குத் தோன்றிய ஓர் எண்ணைப் போட்டது. மூலையில் வைஃபை விசிறி விரிந்தது. மகன் கூப்பிட்டிருந்த அழைப்புகள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

"இந்தா, வந்துடுச்சு. அவனைக் கூப்பிடு" என்று டேப்லெட்டை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். கூப்பிடவில்லை. அவன் பேரின்மேல் விரலை வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். கேள் என்று சொல்வதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"அக்கா."

"ம்."

"நீ போறியா?"

"அவன்கிட்ட முதல்ல சொல்லணும்னு இருந்தேன். பரவால்ல, உன் மூஞ்சியும் மூஞ்சிதானே." டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, தம்பியின் கண்ணாடி கோணலாக இருந்ததை நேராக்கினாள். "போறேன்டா. அடுத்த மாசம். அவன் கூப்பிட்டதுக்காகன்னு மட்டும் நினைக்காதே, இங்க ஏதோ குறைன்னும் நினைக்காதே. எனக்கே போகணும்னு இருக்கு. திரும்பி வருவேன், அடிக்கடி வருவேன். ஆனா விருந்தாளியாத்தான் வருவேன்."